யேஸு எஃப்டி-891 ரேடியோவும் ஏடாஸ்-120ஏ ஆன்டெனாவும்: பக்கியில் (பிக்கப் வண்டியில்) வைத்துப் போட்டி ஆட ஏற்றவையா?

போட்டி என்றால், குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு பேச முடிகிறது என்ற அமெச்சூர் ரேடியோ ஆட்டம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரேடியோ கொடுத்த விலைக்கு மேல் உழைக்கும். ஆன்டெனாவை 20 மீட்டரிலும் அதைவிடக் குறுகிய அலைநீளப் பேண்டுகளிலும் நம்பலாம். 40 மீட்டரில் அது பெயருக்குத்தான். இரண்டையும் சேர்த்து வாங்க நினைப்பவர்கள் எந்தப் போட்டிக்காக வாங்குகிறோம் என்று முடிவுசெய்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

டர்பனைச் சுற்றியுள்ள ஹாம்களில் (அமெச்சூர் ரேடியோக்காரர்களில்) பலருக்கு வண்டியை விட்டால் வேறு வழியில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மனைகளில் கோபுரம் நட இடம் ஏது? மின்வெட்டுக் காலத்தில் கூரைக்குக் கூரை ஏறிய சோலார் இன்வர்ட்டர்களில் பல 40 மீட்டரில் இரைச்சலைக் கொட்டுகின்றன. சிக்யூ வேர்ல்ட்வைட் குரல் போட்டி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் வரும். சில ஆண்டுகளில் அது தீபாவளியை ஒட்டி அமையும்போது மலிவு எல்இடி சரவிளக்குகளும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். இரைச்சலைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவது எளிது.

எஃப்டி-891 அதற்கென்றே அளவெடுத்தது போன்ற பெட்டி. 155×52×218 மில்லிமீட்டர், 1.9 கிலோ, எச்எஃப் (சிற்றலை) பேண்டுகளும் 6 மீட்டரும், எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் 100 வாட். பெரிய போட்டிகளில் 'லோ பவர்' பிரிவின் உச்சவரம்பும் 100 வாட்தான் என்பதால் ஆம்ப்ளிஃபயர் பற்றிய ஆசையே எழாது. முன்பலகை கழன்று வரும், ஆனால் அதைத் தள்ளி வைக்கத் தேவையான கேபிள் கிட்டைத் தனியாக வாங்க வேண்டும். உடலைப் பயணி இருக்கைக்கு அடியில் வைத்தால் காற்று போக வழி விடுங்கள். விசிறி சத்தம் போடும் சாதி. கம்பளத்தில் அமுங்கினால் இன்னும் கத்தும்.

ரிசீவர்தான் இதன் பலம். முன்வரிசையில் 3 கிலோஹெர்ட்ஸ் ரூஃபிங் ஃபில்டர், அதற்குப் பின்னால் டிஎஸ்பி என்ற டிஜிட்டல் வடிகட்டல். ஐரோப்பியப் பெரிய நிலையங்கள் தோளோடு தோள் நிற்கும் 15 மீட்டரில், 'வித்த்' என்ற கேட்கும் அகலத்தை 1.8 முதல் 2.1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் பக்கத்துக்காரர் மறைந்துவிடுவார். மாலை 40 மீட்டரில் ப்ரீஆம்ப்பை அணைத்து ஐபிஓவில் (முன்பெருக்கி இல்லாத நிலையில்) வையுங்கள், இல்லாவிட்டால் கேட்பதெல்லாம் கஞ்சி. நாய்ஸ் பிளாங்கர் பற்றவைப்புத் துடிப்புகளை நன்றாகவே வெட்டும். டீசல் இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப் இரைச்சலுக்கு அது பாதி மருந்து. மீதி கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையத்தில்தான் இருக்கிறது. டிஎன்ஆரை (இரைச்சல் குறைப்பியை) நடுவுக்கு மேல் ஏற்றினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வரும், வரிசை எண்கள் தவறிப்போகும்.

அனுப்பும் பக்கம்: எஸ்எஸ்பி டிஎக்ஸ் பிபிஎஃப் என்ற மெனுவில் 400–2600 ஹெர்ட்ஸ் போடுங்கள். குரல் தகரமாக ஒலிக்கும். நெரிசலைக் கிழிப்பது அந்தத் தகரம்தான். ஸ்பீச் ப்ராசஸரை மிதமாக வைத்து, ஏஎல்சி (மிகை உள்ளீட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று) முள் தன் எல்லைக்குள் நிற்கும்படி மைக் கெயினைச் சரிசெய்யுங்கள். வாக்ஸ் (ஒலி கேட்டதும் தானே அனுப்பும் வசதி) வேண்டாம்: லாரி கடந்தாலே அது அனுப்பத் தொடங்கிவிடும்.

குறைகளும் உண்டு. மெனு ஒரு காடு. அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை முன்பலகையின் ஏ, பி, சி பொத்தான்களில் போட்டிக்கு முதல் நாளே ஏற்றிவைக்காவிட்டால் ஓடும் வண்டியில் தேடமுடியாது. திரை சிறிது, டர்பன் வெயிலில் மங்கும். உள்ளே ஆன்டெனா ட்யூனர் இல்லை. பின்னாலிருக்கும் யூஎஸ்பி கட்டுப்பாட்டுக்கு மட்டும். ஒலி அதில் போகாது, எனவே எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளுக்குத் தனி இன்டர்ஃபேஸ் தேவை. குரல், மோர்ஸ் போட்டிகளுக்கு யூஎஸ்பியே போதும். கேபிளைச் செருகும் முன்பு சிலிக்கான் லேப்ஸ் டிரைவரை நிறுவினால் கணினியில் இரண்டு காம் போர்ட்கள் தோன்றும். 'என்ஹான்ஸ்டு' என்பது அதிர்வெண்ணைப் படிக்க, 'ஸ்டாண்டர்டு' என்பது பிடிடிக்கும் (அனுப்பும் சுவிட்சுக்கும்) மோர்ஸ் கீயிங்குக்கும். ரேடியோவில் கேட் ரேட், அதாவது கணினியோடு பேசும் வேகம், 4800 என்றே வரும். அதை 38400 ஆக்கி, இலவசமாகக் கிடைக்கும் என்1எம்எம் என்ற போட்டிப் பதிவு மென்பொருளிலும் அதையே கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாததுதான் 'கணினி ரேடியோவைப் பார்க்கவில்லை' என்ற புலம்பலுக்கு வழக்கமான காரணம். அனுப்பத் தொடங்கியதும் யூஎஸ்பி அறுந்தால், கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் மாட்டுங்கள்.

இனி ஏடாஸ்-120ஏ. ஏறக்குறைய 900 கிராம் எடை, 1.4 முதல் 1.6 மீட்டர் நீளம். உள்ளே ஒரு மோட்டார், கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) வழியாகவே ரேடியோ அனுப்பும் நேர்மின்சாரத்தில் ஏறி இறங்கி ஒத்திசையும். 7, 14, 21, 28, 50 மெகாஹெர்ட்ஸ், கூடவே 144, 430. யேஸு ரேடியோவோடு சேர்ந்தால் ஒரு பொத்தானில் வேலை முடிகிறது. அந்த வசதிக்குத்தான் விலை.

ஆனால் இயற்பியலை மோட்டார் மாற்றாது. 40 மீட்டர் அலைக்கு 1.6 மீட்டர் கம்பி என்றால் அதன் கதிர்வீச்சு எதிர்ப்பு அரை ஓம் சொச்சம். வண்டி உடல், நிலம், காயில் ஆகியவற்றின் இழப்பு 15 ஓமுக்குக் குறையாது என்று வையுங்கள்: 100 வாட் கொடுத்தால் காற்றில் போவது 3, 4 வாட், மிச்சம் சூடு. 20 மீட்டரில் எதிர்ப்பு 2 ஓமைத் தாண்டும், 15 முதல் 20 வாட் வெளியேறும். 10 மீட்டரில் சுமார் 9 ஓம், பாதிக்கு மேல் தேறும். ஆகவே எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 சிறந்தது) 1.2 காட்டுகிறது என்று 40 மீட்டரில் மகிழ வேண்டாம். இழப்பு அதிகமுள்ள ஆன்டெனா அழகான எஸ்டபிள்யூஆரைக் காட்டும்.

வாங்கியவர்களுக்குத் தகராறு தருவது பெரும்பாலும் தரையிணைப்பு. பொத்தானை அழுத்தினால் மோட்டார் மேலும் கீழுமாக ஓடி, எங்கும் நிற்காமல், கடைசியில் ரேடியோ எஸ்டபிள்யூஆர் எச்சரிக்கை காட்டும். ஆன்டெனா பழுது என்று திருப்பி அனுப்புமுன் அடியைப் பாருங்கள். காந்தத் தாங்கி இதற்கு ஆகாது; தகடோடு உலோகத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும். இசிப்பிங்கோவை ஒட்டிய ப்ராஸ்பெக்டனில் ஒன்றுசேர்க்கப்படும் டொயோட்டா ஹைலக்ஸ்தான் நம் பக்கம் எங்கும் ஓடுகிறது என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். பின்பெட்டியும் கேபினும் தனித்தனித் துண்டுகள், இரண்டும் சட்டத்தில் போல்ட்டாலும் ரப்பராலும் உட்கார்ந்திருக்கின்றன. பெட்டி விளிம்பில் தாங்கியைப் பொருத்தினால் பெட்டிக்கும் சட்டத்துக்கும், கேபினுக்கும் சட்டத்துக்கும், பின்கதவுக்கும் பெட்டிக்கும், புகைக்குழாய்க்கும் சட்டத்துக்கும் அகலமான பின்னல் செம்புப் பட்டைகளை, முடிந்தவரை குட்டையாக இணைக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஃபைபர்கிளாஸ் கேனப்பியின் மேல் பொருத்துவது காசைக் கரியாக்குவது. பட்டைகள் சரியாக அமைந்தால் மோட்டார் சுற்றித் தவிப்பது நிற்கும், டீசல் இரைச்சலும் கூடவே இறங்கும்.

கோஆக்ஸில் நடுவே எதைச் செருகினாலும் யோசியுங்கள். நேர்மின்சாரத்தைத் தடுக்கும் மின்னல் காப்பானோ ட்யூனரோ இருந்தால் மோட்டார் அசையாது. மெனுவில் ட்யூனர் செலக்ட் 'ஏடாஸ்' என்று இருக்கவேண்டும். அது அப்படி இருக்கும்போது அதே கேபிளில் ஆன்டெனா அனலைசரை மாட்டுவது அனலைசரைப் பலி கொடுப்பது.

போட்டிக்குள் இது எப்படி நடந்துகொள்கிறது? 40 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு இறங்க மோட்டாருக்கு நேரம் பிடிக்கும், அதுவரை நீங்கள் ஊமை. பேண்டுக்கு உள்ளேயும் 40 மீட்டரில் 20, 30 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் மறுபடி ஒத்திசைக்க வேண்டும். பேண்ட் முழுக்கத் தேடி அலைந்து கூப்பிடும் ஆட்டத்துக்கு அது எரிச்சல். 15, 10 மீட்டரில் ஒத்திசைவு அகலம், பெரிதாகத் தொடவேண்டியிராது. அங்கே ஓர் அதிர்வெண்ணைப் பிடித்து உட்கார்ந்து சிக்யூ (எல்லோருக்குமான பொது அழைப்பு) கூப்பிடுங்கள். வேர்ல்ட்வைட் போட்டிக் கணக்கில் தென்னாப்பிரிக்கா 38-ஆம் மண்டலம். அங்கிருந்து கிளம்பும் குரல்கள் குறைவு, கேட்பவருக்கு அது மொத்தப் புள்ளியைப் பெருக்கித் தரும் ஒரு பெருக்கி. எனவே வண்டியின் மெல்லிய சிக்னலைக்கூட ஐரோப்பியர்கள் பீம் திருப்பித் தேடுவார்கள். வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளி என்பதால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே 3 புள்ளி. சூரியப் புள்ளிகள் நிறைந்த ஆண்டுகளில் முற்பகலிலிருந்து மாலை வரை 10 மீட்டர் ஐரோப்பாவுக்குத் திறந்திருக்கும்; பிற்பகல் முதல் அமெரிக்கா சேரும்.

இடம் ஆன்டெனாவைவிட முக்கியம். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூனில் தண்ணீரை ஒட்டி வண்டியை நிறுத்தினால் உப்புநீர் தாழ்கோணத்துக்குச் செய்யும் உதவியை எந்தப் பட்டையும் செய்யாது. ஞாயிறு மாலை அங்கே நிறுத்த இடம் கிடைப்பது தனிப் போட்டி. லொகேட்டர் (இருக்குமிடத்தின் கட்டக் குறியீடு) கணக்கிடும் ஆட்டங்களுக்கு என்2 நெடுஞ்சாலை வசதி: டர்பன் கேஜி50, தெற்கே இசிப்பிங்கோவைத் தாண்டி அமன்சிம்டோட்டிக்குள் நுழைந்தால் 30 பாகை தெற்கு அட்சரேகை கடந்து கேஎஃப்59. வடக்கே டொங்காட், ஸ்டேங்கர் எல்லாம் இன்னும் கேஜி50தான். ம்டுன்சினியை அடையும்போது கேஜி51. டபிள்யூபிஎக்ஸ் குரல் போட்டி மார்ச்சின் கடைசி முழு வார இறுதி. அது ஈஸ்டரோடு மோதும் ஆண்டில், 2024-இல் மோதியதுபோல, பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் வண்டியைச் சிக்கவைக்காதீர்கள். வரிசை எண் கொடுக்கும் அந்தப் போட்டியில் 40 மீட்டரில் வேறு கண்டத்துக்கு 6 புள்ளி, 20, 15, 10 மீட்டரில் 3 என்பது இந்த ஆன்டெனாவின் மேல் வீசப்பட்ட கிண்டல்.

எஸ்ஏஆர்எல் (தென்னாப்பிரிக்க ரேடியோ லீக்) நடத்தும் உள்நாட்டு எச்எஃப் போட்டிகளுக்கு ஏடாஸ் தவறான தேர்வு. அங்கே 40 மீட்டரும் 80 மீட்டரும்தான் சோறு போடும். ஏடாஸில் 80 கிடையவே கிடையாது. அதற்கு வண்டியை நிறுத்தி, ஃபைபர் கம்பத்தில் இன்வர்ட்டட் வி (தலைகீழ் V வடிவக் கம்பி ஆன்டெனா) கட்டுவது காசிலும் பலனிலும் மேல்: 3.7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கை சுமார் 19 மீட்டர், 7.1-க்குச் சுமார் 10 மீட்டர். ஜொகன்னஸ்பர்க் நிலையங்களுக்கு மேல்நோக்கிப் போகும் அலைதான் வேண்டும், அதைக் குட்டைக் கம்பி கொடுக்காது.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுத்திறனில் ரேடியோ 23 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் ஃபியூஸைத்தான் ஊதும். பேட்டரியிலிருந்து நேராகக் கேபிள், இரு கம்பியிலும் பேட்டரிக்கு அருகே ஃபியூஸ். பேட்டரி சென்சர் உள்ள புது வண்டிகளில் எதிர்முனையைப் பேட்டரியில் மாட்டாமல், அதன் தரைக்கம்பி சட்டத்தைத் தொடும் இடத்தில் மாட்டுங்கள். 4 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் போகவர 0.8 வோல்ட் தொலையும்; 10 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட். இன்ஜினை அணைத்த பிறகு 12.2 வோல்ட் பேட்டரியில் 0.8 போனால் 11.4. ரேடியோவின் கீழ்வரம்பு சுமார் 11.7. குரல் நடுங்கி, உச்சத்தில் பெட்டி அணைந்து எழும். நிறுத்திவைத்து ஆடுபவர்களுக்கு மின்வெட்டின் புண்ணியத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நல்ல துணை. சராசரி 8 ஆம்பியர் என்றால் ஆறு மணிநேரம் நிம்மதி.

ஓட்டுபவரும் ஆடுபவரும் ஒருவராக இருக்கக்கூடாது. கையில் தொடர்புக் கருவியைப் பிடித்து ஓட்டுவதைச் சாலை விதி 308ஏ தடுக்கிறது. மடிக்கணினியில் பதிவுசெய்வதை எந்த விதியும் இல்லாமலேயே அறிவு தடுக்கும். பயணி இருக்கையில் தலையணி மைக்கோடு ஒருவர், கணினி யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு 2 மணி பின்னால். வேர்ல்ட்வைட் தொடங்குவது சனி அதிகாலை 2 மணி.

பராமரிப்பு சிறிது உண்டு. நெடுஞ்சாலையில் 120-இல் போனால் கம்பி சாய்ந்து எஸ்டபிள்யூஆர் ஆடும். திருகாணிகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோதியுங்கள். கடற்காற்றில் நின்ற பிறகு நகரும் குழாயை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்தே உள்ளிழுக்கச் சொல்லுங்கள், உப்பு உள்ளே போனால் தொடர்பு விரல்கள் கரகரக்கும். பின்பெட்டி விளிம்பில் நிற்கும்போது ஆன்டெனா உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர். மால்களின் நிலத்தடி வாகன நிறுத்தங்களில் அவ்வளவு உயரம் கிடையாது; அடி இணைப்பு சாதாரண எம் பிளக்தான், வாசலுக்கு முன்பே கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம்.