கோடிங்குக்கும் டேட்டா வேலைக்கும் எந்த லேப்டாப்? கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கேட்டாலும் சரி, புதுச்சேரி நேரு வீதியில் கேட்டாலும் சரி, 60 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரைக்குள் நாலு வகை லேப்டாப்தான் போட்டிக்கு நிற்கும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப், ராம் மாற்ற முடியாத மெல்லிய லேப்டாப், ராம் ஸ்லாட் உள்ள ஆபீஸ் ரகம், மேக்புக் ஏர். இதற்கும் கீழே பட்ஜெட் இருந்தால், கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய திங்க்பேட் ஐந்தாவதாகச் சேரும். படிக்கிற பிள்ளைக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் எங்கள் ஓட்டு மூன்றாவது வகைக்கு. ஏன் என்று புரிய ராமிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கோடி வரிசை, 20 எண் பத்திகள் கொண்ட டேபிளை பைத்தானின் டேட்டா நூலகமான பாண்டாஸில் ஏற்றுங்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் அது மட்டுமே 1.6 ஜிபி. அதை இன்னொரு டேபிளோடு மெர்ஜ் செய்யும்போது பழையதும் புதியதும் இடையில் உருவாகும் நகல்களும் ஒரே நேரத்தில் ராமில் இருக்கும். 5, 6 ஜிபி சாதாரணமாகப் போய்விடும். ஊர்ப்பெயர், பொருள்பெயர் போன்ற எழுத்துப் பத்திகள் இருந்தால் இன்னும் மோசம். அவற்றை கேட்டகரி வகைக்கு மாற்றினால் பெருமளவு இறங்கும், எண்களை 4 பைட் எடுக்கும் ஃப்ளோட் 32 ஆக்கினால் பாதியாகும். ஆனால் இந்த வகைகளை ஃபைலைப் படிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்; ஏற்றியபின் மாற்றினால் முதலில் முழு அளவும் ராமுக்குள் வந்துவிடுமே! விண்டோஸ் 11, குரோம், கோடு எழுதும் விஎஸ் கோட் மூன்றும் திறந்திருந்தாலே 8 ஜிபி மெஷினில் மிச்சம் எதுவும் இருக்காது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக லினக்ஸ் ஓட்டுபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது இயல்பாகவே மொத்த ராமில் பாதியைத்தான் தனக்கு எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி லேப்டாப் வைத்திருந்தும் லினக்ஸுக்குள் 8 ஜிபிதான் தெரியும்; ஸ்கிரிப்ட் பாதியில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு செத்துப்போகும். அதன் கான்ஃபிக் ஃபைலில் மெமரி அளவை 12 ஜிபி என்று கொடுத்தால் சரியாகும். டேட்டா ஃபைல்களையும் லினக்ஸ் பக்கமே வையுங்கள். சி டிரைவிலிருந்து படித்தால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொடும் வேலைகள் தவழும்.

ஆகவே 16 ஜிபி என்பது தொடக்கம், 24 அல்லது 32 என்பது நிம்மதி. "இப்போ 8 வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று கடையில் சொல்லும் யோசனை முன்பு நல்ல யோசனைதான். ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ சர்வர்களுக்கே சில்லுகள் போய்ச் சேருகின்றன. இன்றைக்கு 16 ஜிபியோடு வாங்கி, ஒரு ஸ்லாட்டை காலியாக வைத்துக்கொள்வதே கணக்குக்கு ஒத்துவரும்.

ஸ்லாட் உண்டா இல்லையா என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் மெஷினில் டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் சோடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ராம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் மதர்போர்டில் சால்டர் செய்தது. சில மாடல்களில் கொஞ்சம் சால்டர், கூடவே ஒரு ஸ்லாட் என்று கலந்தும் இருக்கும், அதனால் மாடல் எண்ணை வைத்து கம்பெனி தளத்திலும் சரிபாருங்கள். டிடிஆர் 4 ஸ்லாட்டில் டிடிஆர் 5 பொருந்தாது.

இனி ஒவ்வொன்றாக.

கேமிங் லேப்டாப்பின் பலம் உண்மையானது: எச் வரிசை புராசஸர் (பெயரில் எச் இருக்கும், நீண்ட நேரம் வேகம் தாங்கும்), பெரும்பாலும் இரண்டு ராம் ஸ்லாட், நல்ல கூலிங். ஆனால் எந்த கிராஃபிக்ஸ் கார்டுக்காகக் காசு கொடுக்கிறோமோ அதை பாண்டாஸும், டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லும், மெஷின் லேர்னிங் நூலகமான சைகிட்-லேர்னும் வழக்கமான ஓட்டத்தில் தொடவே தொடாது. இன்னொரு மெஷின் லேர்னிங் நூலகமான எக்ஸ்ஜிபூஸ்ட்கூட நடுத்தர அளவு டேட்டாவுக்கு சிபியூவில் நன்றாகவே ஓடும். டீப் லேர்னிங் என்றால் கதை வேறு. அங்கே பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த மெமரியான வீராம். 700 கோடி பாராமீட்டர் மொழி மாடலை 16 பிட்டில் ஏற்ற 14 ஜிபி வேண்டும்; 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 4 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4050இன் 6 ஜிபிக்குள் அது உட்காரும். ஆர்டிஎக்ஸ் 2050, 3050இன் 4 ஜிபி மாடல் ஆகியவற்றுக்குள் மூச்சு முட்டும். பிரவுசரிலேயே கோடு ஓட்டும் சேவையான கூகுள் கோலாப் இலவசமாகத் தரும் டி4 கார்டிலேயே 16 ஜிபி இருக்கிறது. 4 ஜிபி கார்டுக்காக 15 ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வாங்கினால் 6 ஜிபி, 8 ஜிபி. இல்லாவிட்டால் கார்டே வேண்டாம்.

கரண்ட் விஷயத்திலும் கேமிங் மெஷின் நம் ஊருக்கு இடிக்கிறது. பராமரிப்புக்காக காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் மதியமோ சாயங்காலமோதான் வரும். புயல் காலத்தில் சொல்லவே வேண்டாம், 2011 தானேயையும் 2024 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்கள் இவை. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏட்டளவில் 1,800 வாட்-அவர். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. 65 வாட் அடாப்டர் முழு வேகத்தில் எட்டு மணி நேரம் இழுத்தாலும் 520. 230 வாட் அடாப்டர் முழுச் சுமையில் அதே நேரத்துக்கு 1,840 கேட்கும். ஃபேன் போடக்கூட மிச்சமிருக்காது. 65 வாட் டைப்-சி சார்ஜர் இன்னொரு வகையிலும் நல்லது. சார்ஜர் பழுதானால் அதே வாட் உள்ள வேறு கம்பெனி டைப்-சி சார்ஜரை வைத்துச் சமாளிக்கலாம்.

மெல்லிய லேப்டாப் தூக்கிப்போக சுகம். பஸ்ஸில் காலாப்பட்டு போய்வரும் மாணவருக்கு அது பெரிய விஷயம். ராம் பின்னால் ஏறாது என்பதால் 16 ஜிபிக்குக் கீழே இந்த வகையில் தொடவே வேண்டாம். புராசஸர் பெயரில்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் விலைப்பட்டியலில் அண்ணன் தம்பி போலத் தெரியும். முன்னது ஜென் 2 கட்டமைப்பில் 4 கோர், பின்னது ஜென் 3இல் 6 கோர். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இன்டெல் பக்கம் ஐ5-1335யூவில் பெரிய கோர் இரண்டு, சின்னது எட்டு. ஐ5-13420எச்சில் நாலும் நாலும். நீண்ட நேரம் ஓடும் கம்பைலுக்கும் மாடல் டிரெய்னிங்குக்கும் எச் நிற்கும். யூ கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டு, சூடானதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆபீஸ் ரகத்தில் திங்க்பேட் இ14 ஆறாம் தலைமுறை நல்ல உதாரணம்: இரண்டு சோடிம் ஸ்லாட், டைப்-சி சார்ஜிங், 16:10 திரை. கோடுக்கு அந்தக் கூடுதல் உயரம் கண்ணுக்கு உடனே தெரியும். தோற்றம் சுமார், ஸ்பீக்கர் சுமார், அதெல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை. திரையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிற அளவு 45 சதவீத என்டிஎஸ்சி, வெளிச்ச அளவு 250 நிட்ஸ் என்று போட்டிருந்தால் சார்ட் நிறங்கள் வெளிறும். குறைந்தது 300 நிட்ஸ் பாருங்கள்.

மேக்புக் ஏர் எம்4, 16 ஜிபியோடு 99,900 ரூபாய்க்கு 2025 மார்ச்சில் வந்தது. சலுகை நாட்களில் இறங்கும். ஃபேன் கிடையாது, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத் தெருக்களில் ஃபேன் இல்லாதது தனி லாபம், உப்புக் காற்றையும் மணல் தூசியையும் உள்ளே இழுக்காது. ஆனால் ரிப்போர்ட், சார்ட் தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டுமே ஓடும், பெரிய டேபிள்களை இணைத்து அலசும் பவர் பிவட் மேக் எக்செல்லில் இல்லை. எம்ஐஎஸ் (ஆபீஸ் அறிக்கை தயாரிப்பு), பிசினஸ் அனலிஸ்ட் வேலை தேடுபவர் மேக்கை ஒதுக்கிவிட இந்தக் காரணமே போதும். என்விடியா கார்டில் டீப் லேர்னிங் ஓட்ட உதவும் குடா இல்லை. எஸ்கியூஎல் சர்வரை டாக்கரில் (மென்பொருளைப் பொட்டலமாக ஓட்டும் முறை) ஓட்டும் இமேஜ் இன்டெல் வகைக்கானது என்பதால் எமுலேஷனில்தான், அதாவது இன்டெல் சில்லைப் போல நடித்துத்தான், ஓடும். பைத்தான், வெப், மொபைல் ஆப் எழுதுபவருக்கு இந்தக் குறைகள் தட்டுப்படாது.

மெட்டல் பாடி லேப்டாப்பை இரண்டு பின் பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொண்டு தொட்டால் சுருக்கென்று அதிர்வு தெரியும். லேப்டாப் பழுது இல்லை அது, எர்த் கிடைக்காததால் வருவது. மூன்று பின் கேபிளும் ஒழுங்கான எர்த்தும் போட்டால் நின்றுவிடும்.

பழைய திங்க்பேட் என்றால் டி14 முதல் தலைமுறையின் ரைசன் 5 ப்ரோ 4650யூ மாடலைத் தேடுங்கள். 6 கோர், சால்டர் ராமோடு ஒரு ஸ்லாட். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷின்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், லினக்ஸ் மட்டும் போதும் என்பவர் தவிர. காசு கொடுக்குமுன், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பி வந்துவிடுங்கள். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் முழு சார்ஜ் அளவு, தயாரிப்பு அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

"பாண்டியில் வாங்கினால் விலை குறையும்" என்ற நினைப்பில் கடலூரிலிருந்து பஸ் ஏற வேண்டாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் இரு ஊரிலும் லேப்டாப்புக்கு ஒரே 18 சதவீதம்தான். போவதென்றால் மாடல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகப் போகலாம். எங்கே வாங்கினாலும் ஆன்சைட் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று பில் போடுமுன் கேளுங்கள். 605001க்கு ஆள் அனுப்பும் கம்பெனி 607003க்கும் அனுப்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.