பிக் எண்ண எது தேவலை: லென்ஸா, கோட்டுத் தகடா, யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பா?

பல்லடம் பக்கம் தறிக்காரங்ககிட்ட கிரே துணி (சாயம், சலவை போடாத தறித்துணி) எடுக்கற ஆளு நான். பிக்னா ஒரு இஞ்சுல இருக்கற ஊடை, அதாவது குறுக்கு நூல் எண்ணிக்கை. இப்ப கையில இருக்கறது யூஎஸ்பி மைக்ரோஸ்கோப், அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் பேசுவேன்.

பிக் கிளாஸ், அதான் நூல் எண்ணற லென்ஸ், தெரியாதவங்க இல்ல. விலை கம்மி, பாக்கெட்ல கிடக்கும். ஆனா அரை இஞ்ச் லென்ஸ்ல ஓரத்து நூல் ஒண்ணைச் சேக்கறதா விடறதான்னு தடுமாறுனா, ரெண்டால பெருக்கும்போது இஞ்சுக்கு ரெண்டு பிக் மாறிப்போகும், 92க்கு 88 துணில (இஞ்சுக்கு பாவு, அதாவது நீள நூல் 92, ஊடை 88) அது போதும், நம்மகிட்ட துணி வாங்கற பார்ட்டி பில்லுல கைவைக்க. ஒரு இஞ்ச் லென்ஸ்னா முள்ளு நகர்த்தற மாடலா பாத்து வாங்குங்க, இல்லைன்னா பாதியிலயே எண்ணிக்கை விட்டுப்போகும்.

கோட்டுத் தகடு வேற மாதிரி, நெருக்கமா கோடு போட்ட, அடியில துணி தெரியற தகடு. துணி மேல வெச்சா அலை அலையா நிழல் விழும், அது கூடற இடத்து நம்பர்தான் கணக்கு, எண்ணற வேலையே இல்ல. பிளெயின் நெசவுல மட்டும்தான் நான் வெச்சுப் பாத்திருக்கேன், ட்வில், டாபி மாதிரி வேற நெசவுக்கு அனுபவஸ்தங்க சொல்லட்டும்.

மைக்ரோஸ்கோப்ல எனக்குப் பிடிச்சது படம் நிக்கறதுதான். தறிக்காரர் 88ங்கறாரு, பார்ட்டி 86ங்கறான், ஸ்கேலோட எடுத்த போட்டோவை ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டா அவங்களே எண்ணிக்கட்டும். சாப்ட்வேர்ல போட்டா நூலுக்கு நூல் இடைவெளிய எடுத்துக் கணக்குப் போடும், 88 பிக்னா சுமார் 0.289 மில்லிமீட்டர். ஆனா இதுல உயிர்நாடி காலிபரேஷன்தாங்க. போகஸ தொட்டாலே உருப்பெருக்கம் மாறும், அதனால ஒவ்வொரு தடவை திருகினதும் மில்லிமீட்டர் ஸ்கேலை கீழ வெச்சு திரும்ப அளந்தே ஆகணும், இதுல 2 சதவீதம் பிசகினா 88 துணி 90கிட்ட காட்டும், மெஷின் சொல்லுச்சேன்னு நாமளும் நம்பிடுவோம். ஸ்டாண்ட ஒரே உயரத்துல இறுக்கிட்டு, துணிய இழுக்காம விரிச்சு, கரைய விட்டு அஞ்சு இடத்துல எடுத்தா ஓரளவு நிம்மதி. தறி மேலயே வெச்சு அளக்காதீங்க, பாவு இழுவையில இருக்கும், எறக்கினப்புறம் பிக் கூடும்.

சராசரி போடறதால ஒரு பிக் விட்டுப்போயிருந்தா சாப்ட்வேர் கண்டுக்காது, அதுக்கு துணிக்குக் கீழ லைட் போட்டு கண்ணாலதான் பாக்கணும். நெருக்கமா நெய்த கருப்புத் துணில அந்த லைட்டும் ஏறாது, அதுக்கு மட்டும் சைடு லைட்டும் பழைய லென்ஸும்தான் எடுக்கறேன்.