ஏபிஐ டெஸ்டுக்கு எது: கர்ல் ஸ்கிரிப்டா, போஸ்ட்மேனா, புரூனோவா, ஹர்லா?

டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் பைப்லைன், எல்லாம் பாஸ் என்று பச்சையாகத்தான் இருந்தது. வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வரோ காலையிலிருந்து எந்தக் கோரிக்கை போனாலும் 500, அதாவது சர்வர் பிழை, கொடுத்துக்கொண்டிருந்தது. குற்றவாளி நான் எழுதிய பாஷ் ஸ்கிரிப்ட். கமாண்ட் லைனிலிருந்து பேசும் கர்லை வைத்துக் கோரிக்கை அனுப்பு, வரும் ஜேசன் தரவை பைப் போட்டு, அதைப் பிரித்துப் படிக்கும் ஜேக்யூவுக்குக் கொடு, அது பிழை சொன்னால் நிறுத்து, அவ்வளவுதான் அதன் லாஜிக். கர்லைப் பொறுத்தவரை 500 வந்தால் அது தோல்வியே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சர்வர் ஏதோ ஒரு பதிலைக் கொடுத்துவிட்டது, தன் வேலை முடிந்தது என்று 0, அதாவது ‘வெற்றி’ என்ற குறியீட்டை, கொடுத்து வெளியே வந்துவிடும். அந்த 500உடன் உள்ளடக்கம் எதுவும் வரவில்லை. காலி உள்ளீட்டைப் பார்த்த ஜேக்யூவும் வாயைத் திறக்காமல் 0 கொடுத்துவிட்டது. இரண்டு பேரும் நல்லவர்கள், நடுவில் டெஸ்ட் என்று ஒன்று இல்லவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வேறு என்னென்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒப்பிட வசதியாக ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டேன்: நூலக முன்பதிவு ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் அந்தச் சர்வரோடு பேசும் வாசல். உள்நுழைந்து டோக்கன் என்ற அடையாளச் சீட்டை வாங்க வேண்டும், ஒரு புத்தகத்துக்கு முன்பதிவு போட்டால் ‘உருவாக்கியாயிற்று’ என்கிற 201 வர வேண்டும், பின்னணியில் ஒரு க்யூ அதை எடுத்து முடித்ததும் நிலை ‘காத்திருப்பு’ என்பதிலிருந்து ‘உறுதி’ என்று மாற வேண்டும், அப்புறம் அதை நீக்கிவிட்டு மறுபடி கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிற 404 வர வேண்டும். இதில் நடுவில் இருக்கும் அந்தக் காத்திருக்கும் இடம்தான் எல்லாக் கருவிகளையும் பிரித்துக் காட்டிவிட்டது. மற்றபடி 200 வருகிறதா என்று பார்ப்பதை எல்லாக் கருவியும் செய்யும், அதை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

நான் பார்த்தது முக்கியமாக ஒன்றைத்தான். நாளைக்கு இந்த டெஸ்டை யாரோ மாற்றி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி புல் ரெக்வெஸ்ட் போடும்போது, ரிவ்யூ செய்பவருக்கு பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃபைப் படித்ததுமே என்ன மாறியது என்று புரிய வேண்டும். புரியாத டெஸ்டை யாரும் ரிவ்யூ செய்வதில்லை, கண்ணை மூடிக்கொண்டு அப்ரூவ் பண்ணிவிடுவார்கள். நானும் பண்ணியிருக்கிறேன்.

முதலில் கர்லுக்கே நியாயம் செய்துவிடுகிறேன். 1998 முதல் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். என் ஸ்கிரிப்டைச் சரிசெய்யவும் வழி இருந்தது. ஃபெயில் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் 400ஓ அதற்கு மேலோ எது வந்தாலும் 22 என்ற குறியீட்டோடு வெளியேறும். ஆனால் அப்போது பிழையோடு வந்த உள்ளடக்கத்தைக் காட்டாமல் விழுங்கிவிடும், ஏன் தோற்றது என்று தெரியாது. 2021இல் வந்த 7.76 பதிப்பிலிருந்து உள்ளடக்கத்தையும் காட்டிவிட்டுத் தோற்கிற இன்னொரு ஆப்ஷன் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். அதோடு பாஷில், பைப்பின் நடுவில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் போட வேண்டும், ஜேக்யூவுக்குக் காலியாக வந்தால் தோல்வி என்று சொல்லும் ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும். காத்திருக்கும் இடத்துக்கு ஒரு வைல் லூப், உள்ளே ஸ்லீப், எண்ணிக்கைக்கு ஒரு மாறி. எழுதி முடித்துப் பார்த்தால் 70 வரிக்கு மேல், அதில் ஏபிஐ பற்றிப் பேசுவது 15 வரி இருந்தால் அதிகம். மீதியெல்லாம் பாஷின் மனநிலையைச் சமாளிப்பது. நாலைந்து சோதனைக்கு மேல் இது தாங்காது.

சரி, போஸ்ட்மேன். இதைப் பயன்படுத்தாத பேக்எண்ட் ஆள் கிடையாது என்றே சொல்லலாம். பெங்களூருவில் வளர்ந்த நிறுவனம், 2012இல் ஒரு குரோம் எக்ஸ்டென்ஷனாக ஆரம்பித்தது. கையால் ஒரு ஏபிஐயைத் தட்டிப் பார்க்க இன்னமும் வசதியானதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. தானியங்கி என்று வரும்போது, கோரிக்கைகளின் தொகுப்பான கலெக்‌ஷனை ஜேசனாக ஏற்றுமதி செய்து நியூமேன் என்கிற கமாண்ட் லைன் கருவியிடம் கொடுக்க வேண்டும். நியூமேனுக்கு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ் வேண்டும். டெஸ்டுகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், நன்றாகவே ஓடும். காத்திருக்கும் இடத்துக்கு, அடுத்து எந்தக் கோரிக்கைக்குப் போவது என்று ஸ்கிரிப்டிலேயே சொல்லலாம், அதாவது அதே கோரிக்கைக்குத் திரும்பிப் போகச் சொல்லி ஒரு சுற்று உண்டாக்கலாம். முடிகிறது, ஆனால் படிப்பவருக்குக் கோரிக்கைகளின் வரிசை ஒரு இடத்திலும் தாவல் இன்னொரு இடத்திலும் இருக்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி டிஃப். ஏற்றுமதியாகும் ஜேசனில் நம் ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியும் ஒரு சரமாக, மேற்கோள் குறிக்குள் அடைத்து, உள்ளே இருக்கும் மேற்கோளுக்கெல்லாம் பின்சாய்வுக்கோடு போட்டு உட்கார்ந்திருக்கும். ‘இது இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று சரிபார்க்கும் ஒரு அசெர்ட்டை மாற்றியவர் ஏற்றுமதி செய்ய மறந்துவிட்டால், கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் பழையது, செயலியில் புதியது. எங்கள் குழுவில் இது நடந்தது, ஒரு தடவை அல்ல.

2023இல் போஸ்ட்மேன் கணக்கு இல்லாமல் வேலை செய்ய உதவிய ஸ்கிராட்ச் பேடை எடுத்துவிட்டது, அதே வருடம் அதன் போட்டிக் கருவியான இன்சோம்னியாவும் கணக்குத் திறந்தால்தான் ஆச்சு என்றது. அந்தக் கோபத்தில்தான் பலர் புரூனோ பக்கம் போனார்கள். புரூனோவின் கணக்கு எளிமையானது: மேகமெல்லாம் வேண்டாம், கலெக்‌ஷன் என்றால் நம் டிஸ்கில் ஒரு ஃபோல்டர், ஒரு கோரிக்கைக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதை அப்படியே கிட்டில் போட்டுக்கொள். திரையும் உண்டு, கமாண்ட் லைனும் உண்டு. சின்ன அசெர்ட்டுகளுக்கு ஸ்கிரிப்டே வேண்டாம், ஸ்டேட்டஸ் 201ஆக இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். பெரிதாக வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. டிஃப் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது.

பெரும்பாலும்தான். ஒரு கோரிக்கைக்கு ஒரு ஃபைல் என்பதால் என் நூலகக் காட்சி ஆறு ஃபைல்களில் சிதறிக் கிடக்கிறது. எது முதலில், எது அப்புறம் என்பது ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஒரு எண்ணாக இருக்கிறது. நடுவில் ஒன்றைச் செருகினால் மற்றவற்றின் எண்ணும் மாறி டிஃபில் வந்து நிற்கும். கதையை ஒரே மூச்சில் படிக்க முடியாது. குழுவில் டெஸ்ட் எழுதுபவர்கள் தரம் சோதிக்கும் க்யூஏ ஆட்கள், அவர்களுக்குத் திரை வேண்டும், பட்டனை அழுத்திப் பதிலைப் பார்க்க வேண்டும் என்றால் இதெல்லாம் பெரிய குறையே இல்லை, யோசிக்காமல் புரூனோவுக்குப் போகலாம்.

ஹர்ல்தான் எனக்குப் பிடித்தது, அதனால் இதைப் பற்றித்தான் நீட்டிப் பேசப்போகிறேன். பிரான்ஸின் ஆரஞ்ச் தொலைத்தொடர்பு நிறுவனம் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. ரஸ்ட் மொழியில் எழுதியது, ஆனால் இணையத்தோடு பேசும் வேலையை உள்ளே கர்லின் நூலகமே செய்கிறது, அதனால் ப்ராக்ஸி, சான்றிதழ், குக்கி போன்ற பழைய சங்கதிகளில் புது வியாதி எதுவும் வராது. நோட்ஜேஎஸ் வேண்டாம், பைதான் வேண்டாம், திரை கிடையாது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான்: இந்த முகவரிக்கு இதை அனுப்பு, 201 வர வேண்டும், வந்த ஜேசனில் இந்தப் புலத்தை எடுத்து இந்தப் பெயரில் வைத்துக்கொள், அடுத்த கோரிக்கையில் அதைப் போடு. என் காட்சி முழுவதும் ஒரே ஃபைலில், சுமார் 40 வரியில் முடிந்தது. காத்திருக்கும் இடத்துக்கு அந்தக் கோரிக்கையின் கீழே, பத்து தடவை வரை முயற்சி செய், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நொடி விடு என்று இரண்டு வரி. நிலை ‘உறுதி’ ஆகும்வரை அசெர்ட் தோற்கும், தோற்றால் அதுவே மறுபடி கேட்கும். லூப், மாறி, ஸ்லீப் எதுவும் இல்லை. ஏபிஐ எழுதாத எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “நீக்கினதுக்கு அப்புறம் 404 சரி, அதே புத்தகத்தை உடனே வேறொருத்தர் முன்பதிவு செய்ய முடியுமா, அது எங்கே?” என்று கேட்டார். பாஷ் ஸ்கிரிப்டைப் பார்த்து அந்தக் கேள்வி வந்திருக்காது.

இன்னொரு விஷயத்தில் ஹர்ல் என்னைக் காப்பாற்றியது, ரீடைரெக்ட். டோக்கன் காலாவதியானால் ‘அனுமதி இல்லை’ என்கிற 401 கொடுப்பதற்குப் பதில் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் சர்வர்கள் இருக்கின்றன. போஸ்ட்மேனும் பைதானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகமும் நாம் சொல்லாமலே அந்த ரீடைரெக்ட்டின் பின்னாலேயே போய், உள்நுழைவுப் பக்கத்தின் 200ஐக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். ஸ்டேட்டஸை மட்டும் பார்க்கும் டெஸ்ட் சந்தோஷமாகப் பச்சை காட்டிவிடும். கர்லும் ஹர்லும் போகச் சொன்னால்தான் போகும், அதனால் ‘வேறிடத்துக்குப் போ’ என்கிற 302 அப்படியே முகத்தில் அறையும். எது சரியான இயல்புநிலை என்று வாதாடலாம், ஆனால் டெஸ்ட் என்று வந்தால் எனக்கு இதுதான் வேண்டும்.

குறைகளும் உண்டு, கொஞ்சம் அல்ல. முதல் குறை, ஹர்லில் இஃப் இல்லை, லூப் இல்லை. 30 பின்கோடுக்கு ஒரே சோதனையை ஓட்ட வேண்டும் என்றால் வெளியே பாஷில் சுற்ற வேண்டும். நியூமேனிடம் ஒரு சிஎஸ்வி ஃபைலைக் கொடுத்தால் அதுவே சுற்றிக்கொள்ளும். பேமெண்ட் கேட்வே தானாக நமக்கு அனுப்பும் வெப்ஹூக் தகவல் மாதிரி, உள்ளடக்கத்துக்கு ரகசியச் சாவியால் கணக்கிடும் எச்மேக் கையொப்பம் போட்டு அனுப்ப வேண்டிய இடத்தில் ஹர்லால் முடியாது, கையொப்பத்தை வெளியே கணக்கிட்டு உள்ளே மாறியாகத் தள்ள வேண்டும். இரண்டாவது குறைதான் என்னை நிஜமாகவே படுத்தியது: ஒரு கோரிக்கை தோற்றால் அந்த ஃபைல் அங்கேயே நின்றுவிடும். கடைசியில் இருக்கும் நீக்கும் கோரிக்கை ஓடவே ஓடாது, குப்பை முன்பதிவு டேட்டாபேஸில் தங்கிவிடும், அடுத்த ஓட்டத்தில் ‘புத்தகம் ஏற்கெனவே முன்பதிவாகியுள்ளது’ என்று வேறொரு இடத்தில் தோற்கும். பிழை வந்தாலும் தொடரச் சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் ஒரு தோல்விக்குப் பின்னால் ஐந்து தோல்வி வரிசையாக வரும், எது மூலம் என்று தேட வேண்டும்.

மூன்றாவதை என் தவறு என்றுதான் சொல்ல வேண்டும். 5.0 பதிப்பிலிருந்து டெஸ்ட் முறையில் ஓட்டினால் ஃபைல்கள் தாமாகவே ஒரே நேரத்தில் ஓடும். ஃபைலுக்குள் வரிசை மாறாது, ஃபைல்களுக்கு நடுவில்தான் போட்டி. என் எல்லா ஃபைலும் ஒரே டெஸ்ட் பயனரைத்தான் பயன்படுத்தின. தனித்தனியாக ஓட்டினால் பச்சை, சேர்த்து ஓட்டினால் சில நாள் சிவப்பு, சில நாள் பச்சை. ஒரே ஒரு வேலையாக ஓடு என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன். பிறகு ஃபைலுக்கு ஒரு பயனர் என்று பிரித்தேன், அதுதான் சரியான மருந்து.

அப்படியென்றால் பைதானும் அதன் டெஸ்ட் கருவியான பைடெஸ்டும் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தம் செய்யும் வேலைக்கு, டெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் அதன் ஃபிக்ஸ்சர் மாதிரி ஹர்லில் எதுவும் இல்லை, டெஸ்ட் தோற்றாலும் நீக்கும் பகுதி ஓடும். 30 பின்கோடும் எச்மேக்கும் அதற்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் முழு நிரல்மொழி கையில் இருந்தால் நாம் சும்மா இருப்பதில்லை: முதல் மாதம் ஒரு உதவி ஃபங்ஷன், மூன்றாவது மாதம் ஒரு பேஸ் கிளாஸ், ஆறாவது மாதம் டெஸ்டுக்கே டெஸ்ட் எழுத வேண்டிய நிலை. அந்த ஆசைக்கு ஹர்ல் இடமே கொடுப்பதில்லை என்பதை நான் அதன் பலமாகத்தான் பார்க்கிறேன், அதைக் குறை என்று சொல்பவர்களோடு தேநீர் குடித்துக்கொண்டே சண்டை போடத் தயார்.

இப்போது எங்கள் ரெப்போவில் இருப்பது இது: பயனர் நடந்து போகும் பாதைகள் எல்லாம் ஹர்லில், வெப்ஹூக்கும் பின்கோடும் பைடெஸ்டில், கையால் தட்டிப் பார்க்க அவரவர் விருப்பம், இரண்டு பேர் புரூனோ, ஒருவர் இன்னும் போஸ்ட்மேன். சிஐ எனப்படும் அந்தத் தானியங்கி பைப்லைனில் ஹர்ல் ஜேயூனிட் வடிவில் முடிவுகளின் அறிக்கை எழுதிக் கொடுக்கிறது, தோற்றால் சர்வர் சொன்ன முழுப் பதிலையும் லாகில் கொட்டச் சொல்லியிருக்கிறேன். நீக்கும் கோரிக்கைகளைத் தனி ஃபைலாக்கி, முன்னால் ஓடியது தோற்றாலும் ஜெயித்தாலும் கடைசிப் படியாக அதை ஓட்டுகிறோம். அந்தக் கடைசிப் படியை ஓட்டுவது நாலு வரி பாஷ் ஸ்கிரிப்ட். பைப்ஃபெயில் போட்டிருக்கிறேன்.