வெரோனிகா மார்ஸ்: முதல் 22 எபிசோடு மட்டும் போதுமா?

பள்ளிக்கூடத்துப் பெண் துப்பறிகிறாள் என்றதுமே வயது வந்தவர்கள் பலருக்கு ஆர்வம் போய்விடும். ‘வெரோனிகா மார்ஸ்’ தொடரின் போஸ்டரும் தொடக்கப் பாட்டும் அந்தச் சந்தேகத்தை இன்னும் வலுவாக்கும். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

2004 செப்டம்பரில் அமெரிக்காவின் யுபிஎன் சேனலில் தொடங்கியது. உருவாக்கியவர் ராப் தாமஸ். மூன்று சீசன், மொத்தம் 64 எபிசோடு, 2007-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு 2014-ல் ஒரு சினிமா, 2019-ல் ஹுலு என்ற ஓடிடி தளத்தில் 8 எபிசோடு கொண்ட நான்காவது சீசன். அத்தனையும் பார்த்தாக வேண்டும் என்றில்லை. முதல் சீசனின் 22 எபிசோடை வரிசை மாறாமல் பார்த்தால் போதும், கொலை வழக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. எபிசோடுக்கு 42 நிமிடம் என்று வைத்தால் ஏறக்குறைய 15 மணி நேரம்.

கலிபோர்னியாவில் நெப்டியூன் என்ற கற்பனைக் கடலோர ஊர். அங்கே கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நடுவில் யாருமில்லை. மென்பொருள் முதலாளி ஜேக் கேனின் மகள் லில்லி கொலையாகிறாள். ஷெரிஃப் கீத் மார்ஸ், அவளைப் பெற்ற தகப்பன் ஜேக்கையே சந்தேகப்படுகிறார். அங்கே ஷெரிஃப் என்பது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவர் பதவி. ஓட்டுப் போட்டே இறக்கவும் செய்யலாம், ஊர் அதைத்தான் செய்கிறது. இடையில் இன்னொருவன் ‘நான்தான் கொன்றேன்’ என்று ஒப்புக்கொள்கிறான், வழக்கு மூடப்படுகிறது. கீத்தின் மனைவி வீட்டை விட்டுப் போய்விட, அவர் தனியார் துப்பறியும் அலுவலகம் திறக்கிறார். மகள் வெரோனிகா லில்லியின் உயிர்த்தோழி. பள்ளி விட்டதும் அவளுக்கு அப்பா அலுவலகத்தில் வேலை.

ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு சின்ன வழக்கு தொடங்கி முடிந்துவிடும். பெரிய கொலைவழக்கு அதன் ஓரத்தில் சில நிமிடங்கள் மட்டும் நகரும். இந்தத் தொடர் உட்கார வைப்பதே அந்தச் சில நிமிடங்களால்தான். ஓர் உதாரணம். சிவப்பு விளக்கைத் தாண்டிய காரை சிக்னல் கேமரா படம் பிடித்திருக்கிறது. ஓட்டுகிறவள் லில்லி. படத்தில் உள்ள நேரமோ, போலீஸ் கணக்குப்படி அவள் இறந்துபோன பிறகு. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடமோ கம்ப்யூட்டர் வித்தையோ தேவைப்படவில்லை, ஒரு அபராதப் படம் போதுமாக இருக்கிறது. இறந்த நேரம் தள்ளிப்போனதும், பழைய நேரத்தை நம்பி ‘அப்போது நான் வேறு இடத்தில் இருந்தேன்’ என்று சொன்ன ஒவ்வொருவரையும் மறுபடி விசாரிக்க வேண்டியதாகிறது. துப்பு என்றால் இப்படிப் பார்க்கிறவர் கையிலும் கிடைக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் பையிலிருந்து எடுத்துக் காட்டக்கூடாது. முதல் சீசன் பெரும்பாலும் இந்த நேர்மையைக் காப்பாற்றுகிறது.

ஒரே ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைப்பவர்கள் 10-ஆவதைப் போட்டுப் பார்க்கலாம். பணக்கார வீட்டில் ஐந்து பையன்கள் ஆளுக்கு 1,000 டாலர் கட்டி போக்கர் ஆடுகிறார்கள். பைக் கும்பல் தலைவன் வீவில் ஜெயிக்கிறான், பார்த்தால் 5,000 டாலரையும் காணோம். கடைசியில் வெரோனிகாவே சீட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டே திருடனைக் கண்டுபிடிக்கிறாள். பணம் ஏன் போனது என்ற காரணத்தைக் கேட்டால் இந்த ஊரே புரிந்துவிடும்.

வயது வந்தவர்களுக்கு இந்தத் தொடரின் மையம் வெரோனிகா அல்ல, அவள் அப்பா. என்ரிகோ கொலன்டோனி நடித்த கீத், பதின்பருவத் தொடர்களில் வழக்கமாக வரும் ஏமாந்த தகப்பன் இல்லை. மூடிய வழக்கை அவர் ரகசியமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார். அலுவலக சேஃப்பை மகள் திறந்து ஃபைலைப் பார்த்துவிடுகிறாள். அதன் பிறகு ஒரே வழக்கை இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் விசாரிக்கிறார்கள், சாப்பாட்டு மேஜையில் சிரித்துப் பேசியபடியே. பதினாறு வயதில் பார்த்தால் அப்பா தடையாகத் தெரிவார். பிள்ளை பெற்ற பிறகு பார்த்தால், ராத்திரி கேமராவோடு மோட்டல் வாசலில் காத்திருக்கும் மகளை எப்படி அனுமதிக்கிறார் என்ற கோபமும், வேறு வழி அவருக்கு இல்லையே என்ற இரக்கமும் சேர்ந்தே வரும்.

எச்சரிக்கையும் வேண்டும். முதல் எபிசோடிலேயே, ஒரு விருந்தில் வெரோனிகாவுக்கு மயக்கமருந்து கொடுக்கப்பட்டு அவள் பாலியல் வன்முறைக்கு ஆளானது வருகிறது. புகார் கொடுக்கப் போனால் புது ஷெரிஃப் லாம் கேலி செய்து அனுப்புகிறார். 21-ஆவது எபிசோடு முழுக்க அந்த இரவைப் பற்றியது. வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முன்கூட்டியே தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

காலம் கடந்து உறுத்தும் இடங்களும் உண்டு. பள்ளி மாணவியோடு ஒரு போலீஸ் டெபுடி பழகுவதை இனிப்பான காதலாகக் காட்டுகிறார்கள். வெரோனிகாவாக நடித்த கிறிஸ்டன் பெல்லுக்கு அப்போது 24 வயது, அதனால் கண்ணுக்கு உறுத்தவில்லை, யோசித்தால்தான் உறுத்தும். குமாஸ்தா போலக் குரல் மாற்றிப் பேசி அடுத்தவர் ரெக்கார்டை வாங்குவது, ஒட்டுக்கேட்புக் கருவி பொருத்துவது எல்லாம் குறும்பு போல வந்துபோகும். லில்லியின் தம்பி டங்கன் வரும் காட்சிகள் சவசவ. லில்லியின் காதலன் லோகனாக வரும் ஜேசன் டோரிங், முதல் எபிசோடில் வெறும் ரவுடிப் பையனாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது ஈடுகட்டிவிடுகிறது.

இரண்டாவது சீசனில் பள்ளி பஸ் ஒன்று பாறை உச்சியிலிருந்து கவிழ்கிறது. தொடக்கம் பிரமாதம். சிக்கல் எங்கே என்றால், சந்தேகத்துக்கு உரியவர்கள் மிக அதிகம், பக்கத்தில் இன்னொரு கொலையும் ஓடுகிறது. வாரத்துக்கு ஒன்று என்று பார்த்தால் யார் யாருடைய பிள்ளை என்பதே மறந்துபோகும். பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தினம் இரண்டு என்று பாருங்கள்.

மூன்றாவது சீசன் கல்லூரியில் நடக்கிறது. 9 எபிசோடு ஒரு மர்மம், அடுத்த 6 எபிசோடு இன்னொன்று, கடைசி 5 உதிரிக் கதைகள். முதல் மர்மத்தில் வளாகப் பெண்கள் அமைப்பைக் காட்டிய விதம் அப்போதே விமர்சிக்கப்பட்டது, இப்போது இன்னும் மோசமாகத் தெரிகிறது. 15-ஆவதோடு நிறுத்தினால் பெரிய இழப்பில்லை.

பார்க்கும்போது இரண்டு விஷயம். ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், வெரோனிகாவின் பின்னணிக் குரல் நக்கலும் கொச்சையுமாக ஓடும், பாதி நழுவிவிடும். எபிசோடு நடுவில் எந்தப் பாத்திரத்தின் பெயரையும் இணையத்தில் தேடாதீர்கள், பெயரை அடிக்கும்போதே கொலைகாரன் யார் என்று தேடுபெட்டி சொல்லிவிடும்.

2014 சினிமாவுக்கு 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற பொதுமக்கள் நிதி திரட்டும் தளத்தில் 91,585 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள். யார் பணத்தில் எடுத்தார்களோ அவர்களுக்காகவே எடுத்த படம், மூன்று சீசனும் பார்க்காதவர்களுக்குப் பாதி வசனம் எட்டாது. 2019 சீசன் எழுத்தில் சரிதான், ஆனால் அதன் கடைசிக் காட்சிகள் பழைய ரசிகர்களைக் கொதிக்க வைத்தன. லோகன் பிடித்துப்போயிருந்தால் சினிமாவோடு நிறுத்திவிடுங்கள்.