இல்லாத விரலில் தொடுகை: யாழ்ப்பாணத்தில் கண்டது

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவை யாழ்ப்பாணத்தில் செயற்கை அவயவம் பொருத்தும் ஒரு நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். எறிகணை (செல்) விழுந்ததில் இடது கை முழங்கைக்குக் கீழே போனவர். இல்லாத விரல்கள் இரவில் எரிகின்றன என்பதுதான் அவருடைய முறைப்பாடு. காசு வாங்கவில்லை, அதிகம் காக்க வைக்கவும் இல்லை.

பிசியோதெரபி பிள்ளை வலிக்கு டென்ஸ் (TENS) கருவி, அதாவது தோல்வழியே நரம்புக்கு மெல்லிய கரண்ட் கொடுக்கும் கருவி, வைக்கலாம் என்றார். ஆனால் உடனே கரண்ட் கொடுக்கவில்லை. பேனை முனையால் மிஞ்சிய கையை இடம் இடமாகத் தொட்டு, "ஐயா, இப்ப எங்க தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் சித்தப்பா நிமிர்ந்தார்.

"சின்னவிரல், பிள்ளை. நுனியில."

விரலுக்குப் போன நரம்பு அறுந்தாலும், அதில் எழும் துடிப்பை மூளை விரலில் இருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. சரியான இடத்தில் மின்வாய் (கரண்டைத் தோலுக்குக் கொடுக்கும் பட்டை) வைத்தால் சிலருக்கு இல்லாத விரலில் தொடுகை தெரியும். 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் செயற்கை விரல் நுனியில் உணரி வைத்து, அதன் சமிக்ஞையைத் தோல்வழியே நரம்புக்குக் கொடுத்தார்கள். கை இழந்தவர் உருண்டையான பொருளையும் கூரான பொருளையும் பிரித்தறிந்தார். அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே பிடிக்கும் சித்தப்பா போன்றவர்களுக்கு எட்டக்கூடிய வழி இதுதான் என்று நம்புகிறேன். ஊரில் அப்படியொரு கையை இன்னும் காணவில்லை. ஆனால் விரல்களின் இடத்தைத் தேடிப் பிடிக்கும் பொறுமை அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது.

மின்வாய் விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து பலரும் அன்போடு அனுப்புவது ஒட்டும் ஜெல் பட்டைகளை. வியர்வையிலும் புழுதியிலும் அவற்றின் பசை சீக்கிரம் போய்விடும். ஓரம் கிளம்பினால் கரண்ட் முழுவதும் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் குவிந்து சுள்ளென்று குத்தும். ஒருவர் பாவித்ததை இன்னொருவருக்கு வைக்கவும் கூடாது. பிள்ளை எடுத்தது கறுப்புக் காபன் இறப்பர் மின்வாய். மெல்லிசாக ஜெல் பூசி, பட்டியால் கட்டி, முடிந்ததும் கழுவித் துடைத்து அடுத்தவருக்கு எடுத்து வைத்தார். நாளெல்லாம் ஆட்கள் வரும் இடத்துக்கு இதுதான் கட்டுபடியாகும்.

இந்தக் காபன் இறப்பர் மின்வாயை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், கருவியின் வயர் முனையில் இருக்கும் 2 மில்லிமீட்டர் பின் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். டென்ஸுக்கென்று விற்கும் ஜெல்லும் சேர்த்துக் கொடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு வைத்தியரைக் கேட்காமல் இந்தக் கருவியை வைக்க வேண்டாம்.