நன்றியுணர்வை அளக்க எந்தக் கேள்வித்தாள்?

உளவியல் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கு நன்றியுணர்வை எடுத்துக்கொண்டு வந்தால், நான் முதலில் கேட்பது "யாரை அளக்கப் போறீங்க?" என்பதைத்தான். கல்லூரிப் பெண்ணையா, ஓய்வுபெற்ற சத்துணவு ஆயாவையா, நாலாம் வகுப்புப் பையனையா? அது தெரியாமல் கேள்வித்தாளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆனால் பெரும்பாலோர் கேள்வித்தாளை முடிவு செய்த பிறகுதான் வருகிறார்கள். அநேகமாக அது ஜிக்யூ-6 ஆக இருக்கும்.

காரணம் புரிகிறது. மெக்கல்லோ, எம்மன்ஸ், சாங் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட இந்தத் தாளில் ஆறே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (துளியும் ஒப்பவில்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். குறைந்தது 6, கூடினால் 42. இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதை உருவாக்கியவர்கள் அவரவர் சொன்னதை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. பழகியவர்களிடமும் அந்த ஆளைப் பற்றி விசாரித்து ஒப்பிட்டார்கள். ஐந்நூறு பேரிடம் வேறு நாலு கேள்வித்தாள்களோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால் இதைவிடக் கைக்கு அடக்கமானது இல்லை.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பெரும்பாலோர் மதிப்பெண் அளவுகோலின் மேல் பக்கமே போய் அடைந்துகொள்ளும். "நான் நன்றியில்லாதவன்" என்று யார்தான் வட்டமிடுவார்? இரண்டாவது, மூன்றாம் வாக்கியமும் ஆறாம் வாக்கியமும் எதிர்மறையானவை. மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். ஆறாவது, யாருக்காவது எதற்காவது நன்றி தோன்றாமலே நீண்ட காலம் கடந்துபோவதுண்டு என்ற பொருளில் வரும்.

என் மாணவி ஒருத்தி அதைத் தமிழாக்கி முன்னோட்டம் பார்த்த நாளில் நானும் கூட இருந்தேன். கோபி பக்கத்து கிராமம். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார். ஆறாவதை மாணவி மூன்று தடவை படித்தாள். அவர் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டார். "ஏங்கண்ணு, தோணாம இருக்குதுன்னு போட்டிருக்குது. எனக்குத் தோணுது. அப்ப இல்லைங்கறதுக்கு இல்லைன்னு சொல்லோணுமா?" கடைசியில் நடுவிலிருந்த 4ஐக் காட்டி, "அதையே போட்டுக்க" என்றார். அந்த நாலு அவருடைய நன்றியுணர்வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எங்கள் வாக்கியம் எவ்வளவு முறுக்கிக்கொண்டு நின்றது என்பதைத்தான் சொன்னது.

இது மொழிபெயர்ப்புச் சங்கடம் மட்டுமல்ல. 2011இல் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் அமெரிக்காவில் 10 முதல் 19 வயது வரையிலானவர்களிடம் சோதித்தபோதும் அந்த ஆறாம் வாக்கியம் மற்ற ஐந்தோடு ஒட்டவில்லை. ஆங்கிலத்திலேயே பிள்ளைகளுக்குப் பிடிபடாதது இங்கே எப்படிப் பிடிபடும்? பள்ளிப் பிள்ளைகளுக்கானால் ஐந்து வாக்கியம் போதும். அளவுகோலின் உச்சி 35 ஆகிவிடும் என்பதை மட்டும் ஆய்வேட்டில் மறக்காமல் எழுத வேண்டும்.

அடுத்தது கிராட் என்ற கேள்வித்தாள். பிலிப் வாட்கின்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்டது. முழுத் தாளில் 44 வாக்கியங்கள். சுருக்கிய வடிவத்தில் 16, எண்கள் 1 முதல் 9 வரை. நன்றியுணர்வை இது மூன்றாகப் பிரிக்கிறது: வாழ்க்கை தன்னை வஞ்சிக்கவில்லை என்ற நிறைவு, சின்னச் சின்ன இன்பங்களை ரசிக்கும் மனம், பிறர் செய்ததை மதிக்கும் மனம். ஒரே கூட்டுத்தொகையில் மறைந்துபோகும் விஷயங்களை இது பிரித்துக் காட்டுவதால் எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் வாக்கியங்கள் அமெரிக்க மண்ணில் முளைத்தவை. இலையுதிர் காலத்தில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்த்து ரசிப்பதாக ஒன்று வரும். நம்மூரில் அதற்கு நிகராக எதைப் போடுவது? முதல் மழையில் மண் வாசனை என்று போடலாம். போட்டால் அது வேறு கேள்வியாகிவிடும். மறுபடி சோதித்துப் பார்க்காமல் பழைய பெயரில் பயன்படுத்தக் கூடாது.

என்னை உண்மையிலேயே உறுத்துவது முதல் பகுதி. "எனக்கு நியாயமாக வர வேண்டியதைவிடக் கெட்டது அதிகம் வந்துவிட்டது." "மற்றவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு எனக்கு மட்டும் கிடைப்பதில்லை." இப்படி வரும் வாக்கியங்களை ஆமோதித்தால் மதிப்பெண் குறையும். திண்ணையில் இருந்த அந்த அம்மா இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்தவர். சொந்தக்காரர்கள் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் ஆமாம் என்றால் அது நன்றிகெட்ட தனமா? நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். வசதியாக வாழ்ந்தவருக்கு அந்தப் பகுதியில் மதிப்பெண் தானாகவே ஏறும். ஆகவே கிராட் எடுப்பவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது: மூன்று பகுதியையும் தனித்தனியாகவே எழுதுங்கள். ஏழைகளும் வசதியானவர்களும் கலந்த கூட்டத்தில் மொத்தத்தைக் கூட்டி "இவர்களுக்கு நன்றியுணர்வு குறைவு" என்று எழுதிவிடாதீர்கள்.

ஆட்லர், ஃபாக்லி இருவரும் 2005இல் தந்த பாராட்டுணர்வு அளவுகோலில் 57 வாக்கியங்கள், எட்டுப் பகுதிகள். வியப்பு, சடங்கு, இழப்பிலிருந்து கற்றது என்று அகலமாகப் போகிறது. ஆனால் 2008இல் அலெக்ஸ் வுட் குழுவினர் இந்த மூன்று தாள்களின் 12 பகுதிகளையும் ஒன்றாகப் போட்டு ஆராய்ந்தபோது, எல்லாமே அடியில் ஒரே பண்பைத்தான் தொடுகின்றன என்று முடிவுக்கு வந்தார்கள். அப்படியிருக்க 57 கேள்விக்கு ஒருவரை உட்கார வைக்க வலுவான காரணம் வேண்டும்.

ஆய்வகத்தில் நடத்தையைப் பார்ப்பது இன்னொரு வழி. 2006இல் பார்ட்லெட்டும் டெஸ்டெனோவும் செய்தது அது: கணினி பழுதாகும், பக்கத்தில் இருப்பவர் சரிசெய்து கொடுப்பார், பிறகு உதவி கேட்டால் எவ்வளவு நேரம் செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அருமையான சோதனை. ஆனால் அளப்பது அந்த நேரத்து உணர்வை. ஆளின் சுபாவத்தை அளக்க அது உதவாது.

குழந்தைகளுக்கு நான் கை நீட்டுவது எல்லாவற்றிலும் பழையதன் பக்கம். 1938இல் ஃபிரான்சிஸ்கா பவும்கார்டன்-டிராமர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 7 முதல் 15 வயது வரை 1,059 பிள்ளைகளிடம் கேட்டவை: உன் பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்? பதில்களை நான்கு வகையாகப் பிரித்தார். வாயால் நன்றி சொல்வது, தனக்குப் பிடித்த பொருளைக் கொடுப்பது, கொடுத்தவருக்கு வேண்டியதைச் செய்வது, கிடைத்ததை நல்லபடியாகப் பயன்படுத்தி முன்னேறுவது. ஜொனாதன் டட்ஜும் லியா ஃப்ரெய்டாஸும் இதைத் தூசி தட்டி எடுத்து அமெரிக்கா, பிரேசில், சீனா என்று பல நாட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள்.

ஒருமுறை நாங்கள் இதைக் கேட்டபோது இரண்டு பையன்களுக்கும் சைக்கிள்தான் ஆசை. ஏழு வயதுக்காரன், "என் பம்பரத்தக் குடுத்துருவேன், சாட்டையோட" என்றான். பதினொரு வயதுக்காரன் கொஞ்சம் யோசித்து, "தாத்தாதான் வாங்கித் தருவாரு. அவருக்கு முட்டி வலி. மாத்திரைக்கு நானே சைக்கிள்ல போயிட்டு வந்துருவேன்" என்றான். ஜிக்யூ-6இல் இருவருக்கும் ஒரே எண் விழுந்திருக்கலாம். பதில்களை வகைப்படுத்த இரண்டு பேர் தனித்தனியே உட்கார்ந்து படித்து ஒத்துப் பார்க்க வேண்டும், மெனக்கெட வேண்டும். அந்த மெனக்கெடலுக்குத் தகுந்த பலன் உண்டு.

பெரியவர்களுக்குத் தமிழில் எந்தத் தாளை எடுத்தாலும் "நன்றி" என்ற சொல்லே முதல் தடை. மேடையில், கடிதத்தில், கைபேசியில் சொல்வோம்; வீட்டு ஆளிடம் சொன்னால் அந்நியமாகிவிடும். அந்த அம்மாவும் சொன்னார்: "கூடப் பொறந்தவகிட்ட நன்றின்னு சொன்னா அடிக்க வந்துருவா." அதனால் "அவங்க செஞ்சத நெனச்சா மனசு நெறஞ்சு போகுது" என்ற பாணியில் வாக்கியங்களை மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். "கடன்பட்டிருக்கிறேன்" என்பதைத் தவிர்த்தோம். கடன் வந்தால் பாரமும் கூட வந்துவிடும், அது வேறு உணர்வு.

இப்போது தாளின் கடைசியில், மதிப்பெண் இல்லாத ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம்: உங்களுக்கு ஒத்தாசையாக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் அந்தத் திண்ணைக்கே எடுத்துப்போனோம். அவருக்கு டைஃபாய்டு வந்த மாசம் பச்சைக்குழந்தையைத் தூக்கிப்போய்த் தன் குழந்தையோடு சேர்த்துப் பாலூட்டிய பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாணவி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி பஸ் போய்விட்டது.