பன்னீரா, பொடியா, பூ எண்ணெயா? மழைப்பக்கத்து மலையில் செய்து பார்த்தவை

2022இல் கடைக் கிரீம் விலை கைக்கு எட்டாமல் போனபோதுதான் நான் வீட்டுத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி. ரோஜா, செவ்வந்தி இனத்துப் பூவான கலெண்டுலா, வல்லாரை, ரோஸ்மேரி, ஒரு மூலையில் கற்றாழை. இவற்றைத் தோலுக்குப் பூச மூன்று வழி உண்டு: பன்னீர்போல் நீரில் இறக்கலாம், காயவைத்துப் பொடியாக்கலாம், எண்ணெயில் ஊறவைக்கலாம். மூன்றையும் செய்தேன். இப்போது விடாமல் செய்வது எண்ணெய் மட்டும்தான்.

பொடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காய்ந்த ரோஜா இதழ், பாசிப்பயறு, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் சேர்த்து அரைத்தால் குளிக்க நல்ல பொடி. ஆனால் எங்கள் பக்கத்து மூடுபனியில் டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். சிறிது சிறிதாக அரைக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது.

பன்னீரில்தான் என் ஆசை எல்லாம் இருந்தது. பெரிய சட்டியில் இதழும் தண்ணீரும், நடுவில் ஒரு கிண்ணம், மேலே கவிழ்த்த மூடி, மூடிமேல் குளிர்ந்த நீர். மூடியில் படிந்த ஆவி கிண்ணத்தில் சொட்டும். அந்த வாசத்துக்கு ஈடே இல்லை. ரோஜா வாசத்தில் பெரும்பங்கு நீரில் எளிதாகக் கரைவது. அதே இதழை எண்ணெயில் போட்டால் பாதி மணம்கூட வராது. வாசம்தான் வேண்டும் என்றால் பன்னீரே செய்யுங்கள், அதில் மறுபேச்சில்லை.

ஆனால் எத்தனை நாள் நிற்கும்? இந்தக் கேள்விதான் என் முடிவையே மாற்றியது. நீர் இருக்கும் இடத்தில் கிருமியும் பூஞ்சையும் வளரும். பதனப் பொருள் சேர்க்காத வீட்டுப் பன்னீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரம் என்றுதான் கணக்கு. கற்றாழைச் சோறும் அப்படியே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதே, அப்போது நான் சேர்த்து வைத்திருந்த ஐந்து போத்தல் பன்னீரும் கலங்கிப்போயின. இரண்டு கூடைப் பூ. வாய்க்காலில் ஊற்றும்போது மனம் கேட்கவில்லை.

எண்ணெயில் நீர் இல்லை, அதனால் பூஞ்சைக்கு இடமில்லை. ஆனால் நாம் போடும் பூவிலேயே நீர் இருந்தால்? என் முதல் போத்தலில் வாடின கலெண்டுலா இதழை அப்படியே போட்டேன். மூன்றாம் வாரம் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை. பூ கையில் எடுத்தால் அப்பளம்போல நொறுங்க வேண்டும், அதுவரை காயவேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

இங்கேதான் நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். தங்கை மலையின் மறுபக்கம், ஊவா மாகாணத்துப் பண்டாரவளையில் இருக்கிறாள். ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும். சுளகில் பரப்பிய பூ நிழலிலேயே நாலைந்து நாளில் நொறுங்கும். அதே மாதங்களில் எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை. உடுத்த துணியே காயாது. அடுப்புக்கு மேலே பரணில் போட்டேன், காய்ந்தது, ஆனால் எண்ணெய் முழுக்க விறகுப் புகை மணம். இப்போது தை, மாசி வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத போத்தலில் வருடத்துக்குச் சேர்த்துக்கொள்கிறேன்.

மழைக்காலத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. தைலம் காய்ச்சும் பழைய முறை. வல்லாரை போன்ற நீர் நிறைந்த இலையை அரைத்து நல்லெண்ணெயில் போட்டு, சிறுதீயில் சலசலப்பு அடங்கும்வரை கிண்டவேண்டும். அந்தச் சத்தம் நீர் வெளியேறும் சத்தம். அடங்கிய பிறகு ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் பதம். கெடாமல் இருக்க நீர் போகவேண்டும் என்பதை எவ்வளவு எளிதாகச் சோதித்திருக்கிறார்கள்!

காய்ந்த கலெண்டுலாவுக்கு இவ்வளவு சூடு வேண்டாம். போத்தலில் பாதிக்கு மேல் பூ, அது மூழ்கி ஒரு விரல்கடை மேலே நிற்கும்படி தேங்காய் எண்ணெய். அதைச் சுடுநீர்ச் சட்டியில் இறக்கி, நீர் கொதிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே எங்கள் குளிரில் அதை அலுமாரியில் வைத்து ஊறவைக்கும் பேச்சே இல்லை. அப்படி ஊறவைக்க நல்லெண்ணெய்தான். நான் வடித்த கலெண்டுலா எண்ணெய் ஆறு மாதம் நன்றாகவே இருந்திருக்கிறது. அதற்கு மேல் எதையும் மிச்சம் வைத்துப் பார்த்ததில்லை. வடித்த தேதியைப் போத்தலில் எழுதிவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடவேண்டும்.

இது யாருக்காக என்றால், முதலில் அம்மாவுக்காக. முப்பது வருடம் கொழுந்து பறித்த கை. விரல் இடுக்கில் தேயிலைக் கறை படிந்து, குளிர்காலத்தில் கோடு கோடாக வெடித்திருக்கும். பன்னீர் தடவினால் எரியும், ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பூ எண்ணெயை இரவில் தேய்த்துப் பழைய காலுறையைக் கைக்கு மாட்டிப் படுத்தார். பத்து நாளில் வெடிப்பு மூடியது. அது கலெண்டுலாவாலா, எண்ணெய்ப் பசையாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு வலி குறைந்தது, அவ்வளவுதான் நான் கண்டது.

முகத்துக்கு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். என்னுடையது வறண்ட தோல், ஒத்துக்கொண்டது. பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கக்கூடும். அவர்களுக்குப் பன்னீரே மேல். செவ்வந்தி இனத்துப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கலெண்டுலாவும் அரிக்கலாம், அதனால் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பாருங்கள். எதில் செய்தாலும் எலுமிச்சைச் சாறு சேர்க்காதீர்கள். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகும், மலை உச்சி வெயில் அதிலும் கடுமை. அப்புறம், மருந்தடித்த தேயிலை மலையோரத்துப் பூவையோ, அலங்காரத்துக்கு விற்கும் ரோஜாவையோ எடுக்கவே வேண்டாம். சொந்தப் பாத்திப் பூவே போதும்.

ஒன்று மட்டும் பிறகு மாற்றினேன். இங்கே தேங்காய் எண்ணெய் தானாகவே உறைந்து களிம்பு மாதிரி நிற்பதால் எதுவும் சேர்க்காமல் டப்பாவில் ஊற்றி வைப்பேன். அதையே கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு அனுப்பியபோது பஸ்ஸிலேயே உருகி அவள் துணியெல்லாம் எண்ணெய். இப்போது அவளுக்கென்று ஐந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்து அனுப்புகிறேன். அங்கத்து வெக்கையிலும் கட்டியாகவே நிற்கிறதாம்.